விளிம்பில் ஒட்டிய கம்பி

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பசையக்கா. யார் முதலில் அப்படிக் கூப்பிட்டது என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை எடுத்து, அரிசிமணியை விடச் சின்னப் படிகத்தின்மேல், ஊசிமுனையளவு வெள்ளிப் பசை தொட்டு ஒட்டுவது அவள் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் மூச்சைக்கூடத் தவணை முறையில்தான் விடுவாள். முனைவர் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிப் பல காலமாகியும், வருடாவருடம் புதுப்பித்துத் தருகிற ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறவள். "நமக்குப் பேர்ல மட்டும்தான் பசை" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. அருவருப்பு சட்டென்று வந்துவிடும், வந்தால் லேசில் போகாது. பேருந்துக் கம்பியில் கையில் ஈரம் பட்டால் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை உடம்போடு சேர்க்காமல் தனியாகப் பிடித்திருப்பாள். ஆனால் அவள் கணவன் பல்செட் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் அச்சுகள், யார் யாருடையதோ மேல்வாய், கீழ்வாய், வீங்கிய ஈறு, பொக்கை எல்லாம், சாப்பாட்டு மேசையிலேயே வரிசையாகக் காயும். அதன் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

"இதைப் பார்த்தா எனக்கே வயித்தைப் பிரட்டுது, உனக்கு எப்படிடி இறங்குது?" என்பாள் கூடவே இருக்கும் அம்மா.

"அச்சுதானேம்மா. வாய் எப்படி இருக்கோ அப்படியே இருக்கு. இதுல என்ன அசிங்கம்?"

அவளுக்கு அசிங்கமாகப் பட்டவை வேறு. அவற்றில் பாதி பேராசிரியரிடம் இருந்தன.

அவருக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த ரகசியப் பெயர் மாமனார். பெண் கொடுத்த வீட்டை நோட்டம் பார்க்க வந்தவர் மாதிரிதான் உள்ளே நுழைவார். ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஏதாவது ஒரு குறை சொல்வார், பிறகு காபி கேட்பார். அதுகூடப் பரவாயில்லை. பேசிக்கொண்டே அவள் மேசையிலிருக்கும் இடுக்கியை எடுப்பார். முனை கூரான, காந்தம் பிடிக்காத, அவள் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் இடுக்கி. அதை நகக்கண்ணுக்குள் விட்டு அழுக்கெடுப்பார். எடுத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகு இடுக்கியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "நல்லா வேலை பாரும்மா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார். இடுக்கியை அவள் ஸ்பிரிட்டில் ஊறப்போடுவாள். தோளை என்ன செய்வது?

அவர்கள் அளந்துகொண்டிருந்தது செமிமெட்டல் என்கிற வகைப் படிகங்களை. பெயருக்கு உலோகம், ஆனால் மின்சாரத்தைச் சுமக்க உள்ளே ஆட்கள் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சப் பேரிலும் இரண்டு கட்சி. எலக்ட்ரான்கள் ஒரு பாதி, எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்களான துளைகள் மறுபாதி. ஆள் குறைவு என்றாலும் அசகாய ஓட்டக்காரர்கள். எதிலும் முட்டாமல் வெகுதூரம் ஓடுவார்கள். அதனாலேயே காந்தத்திடம் சிக்கினால் படாத பாடு படுவார்கள். சாதாரண உலோகத்தில், ஓடுகிற எலக்ட்ரான்களைக் காந்தப்புலம் ஒரு பக்கச் சுவருக்குத் தள்ளினால், சுவரோரம் சேர்ந்த கும்பலே பின்னால் வருகிறவர்களை மறுபக்கம் தள்ளி நேராக்கிவிடும். செமிமெட்டலில் எலக்ட்ரானும் துளையும் ஒரே சுவருக்குத் தள்ளப்படும். ஒன்றின் மின்னூட்டம் கழித்தல், மற்றதன் மின்னூட்டம் கூட்டல். இரண்டும் சேர்ந்தால் சுவரோரம் கும்பல் இருந்தும் இல்லாத மாதிரிதான். தடுத்து நேராக்க ஆளில்லாமல் எல்லாரும் வளைந்து வளைந்து சுற்றுவார்கள். மின்தடை ஆயிரம் மடங்குகூட ஏறும்.

இது மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம் இருக்கும்போது. மின்னோட்டம் போகும் திசையிலேயே காந்தப்புலத்தையும் வைத்தால் பக்கவாட்டில் தள்ள எதுவுமில்லை, தடை பெரிதாக மாறக் கூடாது. ஆனால் ஒருசில படிகங்களில் அப்போது தடை இறங்கும் என்று கோட்பாட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இடக்கை வலக்கை மாதிரி இரண்டு வகை ஓட்டக்காரர்கள் அவற்றில் உண்டு, அந்தத் திசையில் ஒரு வகை இன்னொரு வகையாக மாறும், அந்த மாற்றத்தால் மின்சாரம் இன்னும் சுலபமாகப் போகும் என்பது அவர்கள் கணக்கு. அதை அளந்து காட்டுவது யார் என்று உலகெங்கும் அடிதடி. மாமனாரும் அந்தப் பந்தயத்தில் நெடுநாளாக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் முற்பகல், முனைவர் பட்டத்துக்காக அங்கே தேய்ந்துகொண்டிருந்த தாடி, அளவீட்டு அறையிலிருந்து செருப்பு நழுவ ஓடிவந்தான். வருடக்கணக்கில் ஆய்வேடு முடியாமல், முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று வீம்பாக வளர்த்த தாடி. இப்போது அதுவே பெயராகிவிட்டது.

"அக்கா, இறங்குது! தடை இறங்குது அக்கா!"

திரையில் கோடு வழுக்கிக்கொண்டு கீழே போயிருந்தது. காந்தப்புலம் கூடக் கூடத் தடை பாதிக்கும் கீழே. அவளுக்கும் சந்தோஷம்தான். அடுத்த நிமிடம் மாமனார் வந்துவிட்டார். தாடியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஆள் அனுப்பிப் பெரிய கேக் ஒன்று வாங்கிவரச் சொன்னார். கத்தி இருந்தும் கத்தியைத் தொடவில்லை. கையாலேயே பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினார். முறை அவளிடம் வந்தபோது, கிரீம் வழியும் அந்த விரல்களையும் நகங்களையும் பார்த்தாள்.

"பல்வலி சார்" என்றாள், உதட்டைத் திறந்தும் திறக்காமலும்.

"வீட்டுக்காரரே பல்லுக்காரர், உனக்குப் பல்வலியா!" என்று சிரித்துவிட்டு, அந்தத் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு விரலைச் சூப்பினார் மாமனார்.

கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிய கையோடு நிருபரையும் வரவழைத்தார். நாளிதழில் படம் வந்தது. நடுவில் மாமனார், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, தான் தொட்டே இராத ஒரு குழாயைத் திருகுவது மாதிரி, ஓரத்தில் தாடி, தாடிக்குப் பின்னால் பசையக்காவின் பாதி முகம். அம்மா அந்தப் படத்தை வெட்டிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். பிறகு தொலைபேசியை எடுத்து உறவு முறையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுச் சொன்னாள். "ஆமா, என் பொண்ணுதான். என்னமோ கரண்ட்டுக்குக் கையைக் கண்டுபிடிச்சிருக்கா. இடது கை, வலது கை எல்லாம் இருக்காம்."

இரண்டு வாரம் போயிருக்கும். வேறொரு அளவீட்டுக்காக அந்தப் படிகத்தை, அளக்கும்போது குளிரூட்டி வைக்கும் பீப்பாயிலிருந்து வெளியே எடுத்தார்கள். கம்பி ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க அதை அவள் நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விட மறந்துவிட்டாள்.

அவள் கையால் ஒட்டிய படிகம்தான். ஆனால் இது அவசரத்துக்கு ஒட்டியது. இந்தத் தொகுதிப் படிகம் தேறுமா தேறாதா என்று சும்மா பார்ப்பதற்காக. மேற்பரப்பில் ஒரு படிக்கட்டு மாதிரி உடைசல் இருந்ததால், மின்னழுத்தம் அளக்கும் இரண்டு கம்பிகளையும் ஒதுக்குப்புறமாக ஒரு விளிம்பில் ஒட்டியிருந்தாள். மின்னோட்டத்தை உள்ளே விடும் கம்பிகளோ இரு முனைகளிலும் நட்டநடுவில் ஆளுக்கொரு பசைப் பொட்டு. குறுக்குக் காந்தப்புலத்துக்கு அது ஓரளவு போதும். தாடி இதையே திருப்பிவைத்து, மின்னோட்டம் போகும் திசையிலேயே காந்தப்புலம் இருக்கும்படியும் அளந்திருக்கிறான்.

அப்படி அளந்தால் என்ன ஆகும் என்பது இந்தத் துறையில் புதுச் சேதி ஒன்றும் இல்லை. பழைய ஆட்கள் பிஸ்மத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. பலமான காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குப் பக்கவாட்டில் பரவ முடியாது. காந்தப்புலத்தின் திசையில் மட்டும் தங்குதடையில்லாமல் ஓடும். ஒரு பொட்டு வழியாக உள்ளே விட்டால், குழாய் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுபோல நடுவே ஒரே கோடாகப் பீய்ச்சிக்கொண்டு அந்தக் கோடி போய்விடும். ஓரத்துக்குச் சொட்டுக்கூட வராது. ஓரத்தில் ஒட்டிய கம்பி, "இங்கே மின்னழுத்தம் குறைந்துவிட்டது" என்று சொல்லும். குறைந்தது தடை இல்லை. அந்தப் பக்கம் மின்சாரமே வரவில்லை, அவ்வளவுதான். நெருப்பிலிருந்து எட்ட நின்று கை நீட்டி, நெருப்பு குளிர்ந்துவிட்டது என்பது மாதிரி.

தாடியைக் கூப்பிட்டாள். அவன் நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா, இது..."

"அதேதான்னு நினைக்கிறேன். நினைக்கிறதை விட்டுட்டு அளந்து பார்த்துடலாம்."

அதே படிகத்தில் இன்னும் சில கம்பிகளை ஒட்டினாள். இரண்டு நடுமுதுகில், இரண்டு எதிர்விளிம்பில். குளிரவைத்து, காந்தத்தை ஏற்றினார்கள். நடுமுதுகுக் கம்பிகளில் தடை ஏறியது. இரண்டு விளிம்புகளிலும் இறங்கியது. இன்னும் ஏற்றியபோது ஒரு விளிம்பில் பூச்சியத்தைத் தாண்டிக் கழித்தலுக்கே போய்விட்டது. ஒரே படிகம், ஒரே மின்னோட்டம், ஒரே காந்தம். ஓரிடத்தில் கேட்டால் ஏறுகிறது, ஓரிடத்தில் கேட்டால் இறங்குகிறது, இன்னோரிடத்தில் கேட்டால் தடையே எதிர்மறை. அது படிகத்தின் குணமாக இருக்க முடியாது. கம்பி ஒட்டிய இடத்தின் குணம்.

தாடி நாற்காலியில் சரிந்தான். "என் ஆய்வேட்டுல பாதி இதுதான் அக்கா."

அவளுக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. "விடு, மீதிப் பாதி இருக்குல்ல. சரியா ஒட்டி மறுபடி அளக்கலாம். முனை முழுக்கப் பசை பூசி, மின்சாரத்தை அகலம் பூரா உள்ள விடலாம். நிஜமாவே இறங்கினா இறங்கட்டும். இல்லைன்னா இல்லைன்னு எழுதுவோம்."

மாமனாரின் அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறவே இல்லை. அதுதான் அவளுக்கு முதல் அதிர்ச்சி. கேள்விப்படாத ஒன்றைக் கேட்டவருடைய முகம் இல்லை அது.

"ரொம்ப நல்லா ஒட்டியிருக்கேம்மா" என்றார். "இந்த நடுமுதுகு அளவு வேணாம். அங்க ஒரு உடைசல் இருக்குன்னு நீதானே சொன்னே? அப்ப அதை நம்ப முடியாது."

"உடைசல் தடையை இப்படி ஏத்தாது சார். மின்னோட்டம் பீய்ச்சுது. கழித்தல் வந்திருக்கு பாருங்க."

"கழித்தல் வர்ற விளிம்பையும் எடுத்துடு. முதல் விளிம்பு மட்டும் போதும். கோடு எவ்வளவு அழகா இறங்குது!"

"சார், அது இறங்கலை. அங்க மின்சாரமே போகலை."

மாமனார் நாற்காலியில் சாய்ந்து, பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தேனில் முக்கியெடுத்துப் பேசினார். "இங்க பாரும்மா. கோட்பாடு இறங்கணும்னு சொல்லுது. நமக்கு இறங்குது. நாம என்ன இல்லாததையா சொல்றோம்? மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கார், கம்பி ஒட்டினது சரியா இருக்கான்னு. நீதான் அதுல கைதேர்ந்தவ. ஒரு வரி எழுதிக் குடு. மின்னோட்டத் தொடுப்புகள் படிகத்தோட முழு அகலத்துக்கும் சீராப் பூசப்பட்டிருந்தன. அவ்வளவுதான்."

"பூசலையே சார்."

"அடுத்ததுல பூசுவோம்."

அவள் தாடியைப் பார்த்தாள். நீயும் ஒரு வார்த்தை சொல்லேன் என்று. தாடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கைகழுவும் தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அவர் கை குலுக்கக்கூட இல்லை. இருந்தாலும் கழுவினாள். தாடி பின்னாலேயே வந்து நின்றான்.

"அக்கா, நீங்க எழுதலைன்னா என்னை எழுதச் சொல்வாரு."

"எழுதாதே."

"எழுதலைன்னா ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டாரு. வீட்டுல அப்பா தினமும் கேக்குறாரு அக்கா, எப்ப முடியும்னு. எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் முடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு வரிதானே?"

அந்த 'ஒரே ஒரு வரிதானே' அவளுக்கு வாயில் முடி சிக்கிய மாதிரி இருந்தது. அதே வார்த்தை, அதே இழுப்பு. இவன் இப்போதே குட்டி மாமனாராகிக்கொண்டு வருகிறான்.

"உன் கை, உன் பேனா. எங்கிட்டக் கேக்காதே" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தாள்.

வரியைத் தாடி எழுதினான். ஆசிரியர் வரிசையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி அவள் கேட்டாள். மாமனார் மறு பேச்சில்லாமல் எடுத்தார். ஆனால் கட்டுரையின் அடியில், நன்றி சொல்லும் இடத்தில், "தொடுப்புகளை நேர்த்தியாக அமைத்துத் தந்தமைக்கு" என்று அவள் பெயரைச் சேர்த்தே அச்சுக்கு அனுப்பினார். பொய்யின் எந்த இடத்தில் அவள் கையெழுத்து வேண்டாம் என்றாளோ, சரியாக அந்த இடத்திலேயே அவளை ஒட்டிவிட்டார்.

அதைப் படித்த அன்று சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பேரு வந்தா வந்துட்டுப் போகுது. எல்லாரும் பண்றதுதானேடி?" என்றாள் அம்மா. "கெடுதலாவா எழுதியிருக்காரு? நேர்த்தியாங்கிறாரு."

"அம்மா, சாக்கடைத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சு, மூடி போட்டவங்களுக்கு நன்றின்னு என் பேரை ஒட்டியிருக்கான்."

"பெரியவரை அவன் இவன்னு பேசாதே."

கணவன் ஒரு கீழ்வாய் அச்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசாதவன். "சில டாக்டருங்க இப்படித்தான்" என்றான். "அச்சு கோணலா எடுத்திருப்பாங்க. மறுபடி எடுங்கன்னா எடுக்க மாட்டாங்க, பல்லை ராவிக் குடுன்னுவாங்க. ராவிக் குடுத்தா போட்டுக்கிறவனுக்கு வாயெல்லாம் புண்ணு. பழி நமக்கு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல ராவிக் குடுத்துட்டுத்தான் இருந்தேன். இப்பத் திருப்பி அனுப்பிடுறேன். அந்த டாக்டருங்க வேற ஆளுகிட்டப் போயிடறாங்க." துணியை மடித்துவைத்தான். "ஆனா சாப்பிடு. நீ பட்டினி கிடந்தா அந்தாளுக்கா வலிக்கும்?"

கட்டுரை வந்தது. பாராட்டு வந்தது, விருந்து வந்தது, மாமனாருக்கு நாலு ஊரில் மேடை கிடைத்தது. தாடி ஆய்வேட்டை முடித்து, சவரம் செய்துகொண்டு, இனிப்புப் பெட்டியோடு விடைபெற வந்தான். மழித்த கன்னத்தோடு அவனை அடையாளமே தெரியவில்லை. பெட்டியை நீட்டினான். "வச்சிட்டுப் போ" என்றாள். மூன்று நாள் அந்தப் பெட்டி மேசையிலேயே கிடந்து எறும்பு மொய்த்தது. அவள் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அடுத்த ஒன்றரை ஆண்டில் காற்று திசை மாறியது. வேறு வேறு ஊர்களில் ஆட்கள் அதே வகைப் படிகத்தைச் சரியாக ஒட்டி அளந்தார்கள். தடை இறங்கவில்லை. விளிம்பில் ஒட்டினால் மட்டும் இறங்கியது. ஒருவர் எழுதினார், இன்னொருவர் எழுதினார், பிறகு ஆளாளுக்கு எழுதினார்கள். இதோ மாட்டினார் மாமனார் என்று பசையக்கா நினைத்தாள். ரத்தக்கொதிப்பு ஏறிப் படுத்துவிடுவார் என்றுகூட நினைத்தாள். மனிதர் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

துறையில் ஒரு கருத்தரங்கு. அவர்தான் தொடக்கப் பேச்சாளர். தலைப்பு, மின்னோட்டம் பீய்ச்சுவதால் நேரும் பிழைகளும் எச்சரிக்கைகளும். பசையக்கா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு படம் வந்தது. நடுமுதுகில் ஏறும் கோடு, விளிம்பில் இறங்கும் கோடு, பூச்சியத்துக்குக் கீழே போன கோடு. அவள் ஒட்டிய அதே கம்பிகள். எடுத்துடு என்று அவர் சொன்ன அதே அளவுகள்.

"இளைஞர்களுக்கு நான் சொல்றது இதான்" என்று மாமனார் ஒலிபெருக்கியில் உருகினார். "அவசரப்படாதீங்க. பல குழுக்கள் இதுல ஏமாந்துட்டாங்க. எங்க குழு ஆரம்பத்துலயே இந்த ஆபத்தைக் கண்டுபிடிச்சிருச்சு. இதோ, இந்தக் கம்பிகளை ஒட்டினது நம்ம பொண்ணுதான். எழுந்திரும்மா, எல்லாரும் பார்க்கட்டும்."

கைதட்டல் எழுந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"சார், இதை அளந்தது அந்தக் கட்டுரை அச்சாகிறதுக்கு முன்னாடி" என்றாள். ஒலிபெருக்கி இல்லை, ஆனாலும் குரல் கடைசி வரிசைவரை போயிற்று. "அன்னைக்கே உங்க அறைக்குக் கொண்டுவந்து காட்டினேன். நடுமுதுகு வேணாம், கழித்தல் வர்றதும் வேணாம், முதல் விளிம்பு மட்டும் போதும்னு சொன்னீங்க. முழு அகலத்துக்கும் பூசியிருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொன்னீங்க. பூசலை. ஒட்டினவ நான்தான், எனக்குத் தெரியும்."

கைதட்டிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. மாமனார் சிரித்தார். சிரித்த முகத்தைக் கழற்றவே இல்லை. "எங்க குழுவுல எவ்வளவு சுதந்திரமாப் பேசுறாங்க பாருங்க" என்றார். தலைமை தாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வெளியே காபி தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. காபி இடைவேளையில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகவே இருந்தது. வேறு கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மட்டும் கிட்டே வந்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு, "நல்லாக் கேட்டீங்க. எங்க எல்லாருக்கும் தெரியும்" என்று கிசுகிசுத்தார். பிஸ்கட் துகள் அவர் உதட்டில் ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டு நேராக மாமனாரிடம் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, பேச்சு அபாரம் என்றார். மாமனார்மேல் வந்த அருவருப்பை விட இவர்மேல் வந்தது பெரிதாக இருந்தது. அவராவது தன் பொய்யைச் சத்தமாகச் சொன்னார். இவர் உண்மையையே திருட்டுச் சாமான் மாதிரிக் கைமாற்றிவிட்டுப் போகிறார்.

அந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டு அவள் யார் வாசலிலும் நிற்கவும் இல்லை. அம்மா ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. உறவுக்காரர்களிடம் மகளுக்கு முதுகுவலி என்று சொல்லிச் சமாளித்தாள். கணவன் மட்டும் ஒருநாள், "உன் குரல் கடைசி வரிசைவரை கேட்டுச்சாமே? வீட்டுல கூப்பிட்டா எனக்கே கேக்கிறதில்ல" என்றான். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

இப்போது அவள் இருப்பது காந்த உணரிகள் செய்யும் தொழிற்சாலையில். மோட்டார் எவ்வளவு வேகம் சுற்றுகிறது, கதவு மூடியதா திறந்ததா என்று பார்த்துச் சொல்லும் சின்னச் சில்லுகள். அங்கும் மின்னோட்டத்தைக் காந்தம் பக்கவாட்டில் தள்ளுகிறது; தள்ளியதில் எழும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். தப்பாகச் சொல்லும் சில்லை இயந்திரமே ஒரு தட்டுத் தட்டித் தொட்டிக்குள் தள்ளிவிடும். யாரும் அதற்குச் சப்பைக்கட்டு கட்டுவதில்லை. அந்தத் தட்டும் சத்தம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. மற்றபடி அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. உணவறை மேசை எப்போதும் பிசுபிசுப்பு. மேற்பார்வையாளர் மூக்கைக் குடைந்த விரலாலேயே கணினியைத் தொடுவார். அவள் உறை மாட்டிக்கொண்டு தொடுவாள்.

தொழிற்சாலையில் சேர்ந்து கொஞ்ச நாளான பின் தாடி தொலைபேசியில் கூப்பிட்டான். எங்கோ தூரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"சொல்லு."

"இங்க ஆய்வுக்கூடத்தை நடத்துற அம்மா ரொம்பக் கறார். என் பழைய கட்டுரையைப் படிச்சுட்டு, நீதானே எழுதினே, நீயே திருத்துன்னு சொல்லிட்டாங்க. மறுபடி அளக்கணும். அதே படிகத்துல ஒரு துண்டு எங்கிட்ட இருக்கு. நீங்க ஒட்டிக் குடுப்பீங்களா? தபால்ல அனுப்புறேன்."

"அந்தம்மா சொல்லலைன்னா?"

"திருத்தியிருக்க மாட்டேன் அக்கா" என்றான் மெதுவாக.

பொய் சொல்லவில்லை என்பது மட்டும்தான் அவளை அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தது. "நான் ஒட்ட மாட்டேன். முனை முழுக்கப் பூசணும், உனக்கே தெரியும். கை இருக்குல்ல? நீயே ஒட்டு."

ஒட்டினான். அவ்வப்போது படம் எடுத்து அனுப்பினான். பசை வழிந்து பக்கமெல்லாம் அப்பி, கம்பி கோணிக்கொண்டு, பார்க்கவே சகிக்காத ஒட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று மட்டும் பதில் போட்டாள். கடைசியில் ஒன்று தேறியது. தடை இறங்கவில்லை.

சில மாதத்தில் திருத்தம் ஆய்விதழில் வந்தது. மதிய இடைவேளையில் கைபேசியில் திறந்து பார்த்தாள். முதல் பெயர், மாமனார். அதற்குக் கீழே, வருங்கால ஆய்வாளர்களின் நலன் கருதித் தானே முன்வந்து இதை வெளியிடுவதாக ஒரு வாசகம்.

தாடியைக் கூப்பிட்டாள். "ஒட்டினது நீ. அளந்தது நீ. அந்தாள் பேரு எதுக்குடா முதல்ல?"

"பழைய கட்டுரையில முதல் பேர் அவருதானே அக்கா. அவர் சம்மதம் இல்லாம திருத்தத்தை ஏத்துக்க மாட்டோம்னு இதழ்ல சொல்லிட்டாங்க. முதல் பேர் குடுத்தாத்தான் சம்மதிப்பேன்னாரு." அவன் குரல் தாழ்ந்தது. "அந்தக் கடைசி வாசகமும் அவர் எழுதினதுதான்."

பக்கத்து மேசையில் யாரோ சிந்திய சாற்றை அதே அழுக்குத் துணியால் துடைத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பசையக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முழு அகலத்துக்கும் பூசலைன்னு அதுல இருக்கா?"

"இருக்கு. ரெண்டாவது பத்தியில. அதை எடுக்கச் சொன்னாரு, நான் எடுக்கலை."

"சரி" என்றாள். வேலைமணி அடித்தது. பாதிக்குமேல் மிச்சமிருந்த சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, கைகழுவப் போனாள்.